பதிமூன்றைக் கழித்தவன்

இளஞ்சிவப்புக் காய்ப்புழு என்னை ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது தன் விதிப்படியேதான் நடந்தது. அந்த விதியை வகுப்பில் குறிப்பெடுத்து, தேர்வில் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். ஆனால் பருத்திக் காட்டு வரப்பில் நிற்கும்போது மட்டும் அது நினைவுக்கு வராது. வீடு திரும்பிக் கைகால் கழுவும்போது வரும்.

பூச்சியியலில் முதுகலை முடித்துவிட்டு, வயிற்றுப்பாட்டுக்கு அதற்குச் சம்பந்தமே இல்லாத வேலைக்குப் போனேன். இருந்தாலும் ஆத்தூர்ப் பக்கம் மாமாவின் ஊரில் எனக்குப் ‘பூச்சி படிச்சவரு’ என்ற பட்டம் நிலைத்துவிட்டது. அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. பலனைப் பருத்தி அனுபவித்தது.

விதி இதுதான். பூச்சிக்குச் சொந்தமாக உடம்புச் சூடு கிடையாது; சுற்றியிருக்கும் சூடுதான் அதன் சூடு. ஏறத்தாழ 13 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் காய்ப்புழுவின் வளர்ச்சி நின்றுவிடும். அதற்கு மேலே இருப்பது மட்டுமே அதன் கணக்கில் வரவு. அன்றைய சராசரி 25 என்றால் 12 வரவு. 30 என்றால் 17. ஏலச்சீட்டுத் தவணைபோலத் தினமும் இது சேர்ந்துகொண்டே வந்து, 450ஐ ஒட்டி நிறையும்போது முட்டையாக இருந்தது அந்துப்பூச்சியாகிப் பறக்கும். (ஆய்வுக்கு ஆய்வு இந்த எண் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும்.) 30 பாகையில் 26, 27 நாளில் முடிகிற சீட்டு, மார்கழியின் 25 பாகையில் 37, 38 நாள் வரை இழுக்கும். ஆகவே ‘இந்தப் புழுவுக்கு ஆயுள் இத்தனை நாள்’ என்று யாராவது ஒற்றை எண்ணைச் சொன்னால், எந்தச் சூட்டில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். நான் கேட்கிற பக்கம் இருந்ததே இல்லை. ஒற்றை எண்ணைச் சொல்கிற பக்கம்தான்.

இந்தச் சூட்டுக் கூட்டலைத் தொடங்கிவைத்தவர் பிரான்சின் ரெயோமூர். பயிர் முதிர்வதைத் தினசரி வெப்பநிலைகளின் கூட்டுத்தொகையாகப் பார்க்கலாம் என்று 1735இல் சொன்னார். தன் பெயரிலேயே ஒரு வெப்பமானி அளவுமுறை வைத்திருந்தவர். பூச்சிகளைப் பற்றி ஆறு பெரிய தொகுதிகளும் எழுதியவர். கூட்டுப்புழுக்களைச் சூடான கண்ணாடி வீட்டில் வைத்துச் சீக்கிரம் பறக்க விட்டார். குளிர்ந்த நிலவறையில் வைத்துத் தாமதிக்க வைத்தார். ஒரு கையில் வெப்பமானி, மறு கையில் பூச்சி. படிக்கிற காலத்தில் என் கையிலும் இந்த இரண்டும் இருந்தன.

எங்கள் ஆய்வகத்தில் வெவ்வேறு சூட்டில் நிறுத்திய இன்குபேட்டர் பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் காய்ப்புழு. காலையும் மாலையும் போய் ஒவ்வொரு பெட்டியின் சூட்டையும் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. 27இல் நிறுத்தியிருந்த பெட்டி எப்போது பார்த்தாலும் 27தான் காட்டியது. எப்போதும் 27 காட்டுகிற ஒன்றைத் தினமும் போய்ப் பார்ப்பானேன் என்று தோன்றத் தொடங்கியது. விடுதிக் கட்டிலில் படுத்தபடியே 27.0, 27.1, 26.9 என்று எழுதினேன். அந்தத் தசமப் புள்ளிகள் என் சொந்தக் கற்பனை. அவற்றை மாற்றி மாற்றிப் போட்டதில் எனக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பெட்டியின் குளிரூட்டும் பகுதி பழுதாகி, உள்ளே சூடு எகிறிப்போனது. புழுக்கள் அவசர அவசரமாகக் கூட்டுப்புழுவாகின. பக்கத்துத் தட்டில் இருந்த முட்டைகள் பொரியவே இல்லை. பேராசிரியர் தட்டைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடியும் தட்டைப் பார்த்தார்.

“தம்பி, நோட்டு 27ங்குது. புழு அப்படிச் சொல்லலையே. நான் யாரை நம்பட்டும்?”

“புழுவை, சார்.”

“நானும் அதைத்தான் நெனச்சேன். ஆனா ஆய்வேட்டுல கையெழுத்துப் போட அதுக்குத் தெரியாதே.”

எல்லாவற்றையும் முட்டையிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னார். இந்த அனுபவத்துக்குப் பிறகு சூட்டு விஷயத்தில் நான் திருந்தியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது நியாயம்.

மாமாவின் காட்டில் ஆடி, ஆவணியில் மழையை நம்பி விதைப்பார்கள். கார்த்திகையில் தொடங்கித் தை வரை பஞ்சு எடுப்பார்கள். ஒரு மார்கழியில் மாமா பச்சைக் காய் ஒன்றை உடைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளே சின்னதாக ஒரு வெள்ளைப் புழு. வெளியே காயில் ஒரு கீறல்கூட இல்லை. பொரிந்த சில மணி நேரத்துக்குள் புழு காய்க்குள் புகுந்துவிடும், புகுந்த துளையும் மூடிக்கொள்ளும் என்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. நான் புழுவை உள்ளங்கையில் போட்டு, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, படித்தவன் எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படிப் பார்த்தேன்.

“இது வெள்ளையா இருக்கு மாமா. இளஞ்சிவப்புப் புழு இல்ல, வேற என்னமோ. கண்டுக்காதீங்க.”

முதல் இரண்டு பருவத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு வெள்ளையாகத்தான் இருக்கும். மூன்றாம் பருவத்திலிருந்துதான் நிறம் ஏறும். மார்கழிக் குளிரில் அந்த வெள்ளைப் பருவமே வழக்கத்தைவிட நீளும். இதெல்லாம் எனக்குக் கை கழுவும்போது நினைவுக்கு வந்தது. தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து மாமாவே கூப்பிட்டார்.

“மாப்ளே, நீ சொன்ன அந்த வேற புழு இப்ப செவந்துபோச்சு. உன்னப் பாத்து வெக்கப்பட்டுச்சோ என்னவோ.”

அவசரமாக ஓடிப் போய், ஈடுகட்டும் விதமாக ஒரு தேதி குறித்துக் கொடுத்தேன். இப்போது காய்க்குள் இருப்பதை ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த தலைமுறை அந்து வந்து முட்டை வைக்கும்போது மருந்து அடித்தால்தான் பிடிபடும் என்றேன். அதுவரை சரி. அந்த நாள் எது? புத்தகத்தில் ‘ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை’ என்று இருக்கும். அந்த ஒரு மாதம் கோடைச் சூட்டின் மாதம். மாமாவின் காட்டிலோ விடிகாலையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் பருவம். நான் நாட்காட்டியில் எண்ணி வட்டம் போட்டேன். மாமா அந்த நாளில் ஆள் விட்டு மருந்து அடித்தார். காட்டில் அந்து ஒன்றும் இல்லை. காய்க்குள் புழுக்கள் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருந்தன. மருந்தின் வீரியம் போன பிறகு நிதானமாக வெளியே வந்தன. ஏலத்தில் மாமாவின் மூட்டைகளில் பாதிக்கு மேல் கொட்டுப் பருத்தி என்று ஒதுக்கப்பட்டன. உள்ளே கறைபட்டு, சரியாக வெடிக்காத சுளைகள். மருந்துக் கூலியை அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த பட்டத்துக்கு நான் மிகுந்த அறிவியலோடு வந்தேன். நாட்காட்டியை மூடிவிட்டுச் சூட்டுக் கணக்கைக் கையில் எடுத்தேன். தினமும் அதிக வெப்பம், குறைந்த வெப்பம், சராசரி, கழித்தல் 13, கூட்டல். அலுவலகத்தில் இதை யாராவது எட்டிப் பார்த்தால் பங்குச்சந்தை என்று நினைத்துக்கொள்வார்கள், நானும் திருத்தியதில்லை. எண்களை எங்கிருந்து எடுத்தேன் என்றால், நாளிதழின் வானிலைக் கட்டத்திலிருந்து. அது நகரத்து வெப்பமானி சொன்ன கணக்கு. புழு குடியிருப்பது, மழை பெய்த காட்டில், இலை நிழலில், ஈரப்பசையுள்ள ஒரு பச்சைக் காய்க்குள். அங்கே இருக்கிற சூடு வேறு. ஆனால் இது சின்னப் பிழை. இதைவிடப் பெரிய பிழையை அதே நேரத்தில் செய்துகொண்டிருந்ததால் இதற்கு என் கணக்கில் இடமே கிடைக்கவில்லை.

கூட்டலை எந்த நாளில் தொடங்குவது என்பதற்கு இனக்கவர்ச்சிப் பொறி வேண்டும். பெண் அந்து ஆணைக் கூப்பிடும் மணத்தை 1973இல் கண்டறிந்து காசிப்லூர் என்று பெயர் வைத்தார்கள். அந்த மணம் ஊறிய சின்ன ரப்பர் குப்பியைப் பொறியில் மாட்டினால் ஆண்கள் வந்து விழும். ஒரு பொறியில் ஓர் இரவுக்கு எட்டு வீதம் தொடர்ந்து மூன்று இரவு விழுந்தால் நடவடிக்கை எடு என்பது பரிந்துரை. குப்பிகளைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொல்லி உறையிலேயே அச்சிட்டிருக்கும். நான் அவற்றை வாங்கி மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்க் மேல் இருக்கும் பையில் போட்டுக்கொண்டு, வழியில் இரண்டு சொந்தக்காரர் வீடுகளுக்கும் போய்விட்டு, பிறகும் பல நாள் அந்தப் பையிலேயே மறந்துவிட்டேன். பூச்சிக்குச் சூடு என்ன செய்யும் என்று தினமும் தசமத்தில் கணக்குப் போட்டவனுக்கு, பூச்சியின் மணத்தையும் சூடு தின்றுவிடும் என்பது தோன்றவில்லை.

பொறியை மாட்டினோம். ஒன்றும் விழவில்லை. மாமா தினமும் சந்தோஷமாகத் தகவல் சொன்னார். எனக்கும் சந்தோஷம், நாம் போன வருஷம் பயமுறுத்திய பயத்தில் பூச்சி ஊரைவிட்டே போய்விட்டது என்றுகூடச் சொன்னேன். பிறகு இதழ்கள் விரியாமல் நூலால் பின்னிச் சுருண்டு கிடக்கும் பூக்களை அத்தைதான் களையெடுக்கும்போது பார்த்து, மடியில் போட்டுக்கொண்டு வந்து காட்டினார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புழு. என் கூட்டல் தாளில் அன்றைய தேதி வரை வரவு பூஜ்யம்.

இங்கே ஒரு சில்லறைக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பூச்சியைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பிடி (Bt) பருத்தியின் விதைப் பொட்டலத்தோடு அப்போதெல்லாம் 120 கிராமில் இன்னொரு சின்னப் பொட்டலம் வரும். அதில் பிடி அல்லாத விதை இருக்கும். காட்டைச் சுற்றி விதைக்க வேண்டும். நஞ்சுக்குப் பழகாத பூச்சிகள் கொஞ்சம் அங்கே பிழைத்திருந்தால், பழகிய பூச்சிகளோடு அவை இணைந்து எதிர்ப்புத் திறன் பரவுவது தாமதமாகும் என்பது ஏற்பாடு. இதை நான் மாமாவுக்கு அழகாக விளக்கினேன். விளக்கிவிட்டு, வரப்போரம் நடந்து விதைக்கச் சோம்பல்பட்டு, பொட்டலத்தை மோட்டார் ரூம் பரணில் எறிந்தேன். ஒற்றை மரபணுப் பிடி பருத்தி இந்தியாவில் 2002இல் அனுமதி பெற்றது. குஜராத்தில் அதைக் காய்ப்புழு வென்றுவிட்டதாக 2010இல் செய்தி வந்தது. 2006இல் வந்த இரட்டை மரபணுப் பருத்தியையும் அடுத்த சில ஆண்டுகளில் தின்னக் கற்றுக்கொண்டது. இந்த வரலாற்றில் என் பங்கு 120 கிராம்.

எல்லாவற்றிலும் வீட்டுக்குள் அதிகம் பேசப்பட்டது கொட்டகை விவகாரம்தான். ஒரு வருஷம் மாமாவின் காட்டில் ஓர் ஏக்கரில் பாதிப் பங்கு போட்டேன். விலை படுத்திருந்தது. மாமா தன் பங்கை அப்போதே விற்றுவிட்டார். நான் சந்தை அறிவோடு, விலை ஏறட்டும் என்று என் பங்கு மூட்டைகளை ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகையில் அடுக்கிவைத்தேன். கொட்டை நீக்காத பருத்தி. அதற்குள் சில இடங்களில் இரண்டு கொட்டைகளை நூலால் ஒட்டி, நடுவில் புழு சுருண்டு படுத்திருக்கும். பகல் குறுகி, குளிரும் சேர்ந்தால் புழு வளர்ச்சியை ஒத்திவைத்து நீண்ட உறக்கத்துக்குப் போகிற ஏற்பாடு அது. இரண்டு ஆண்டுக்கு மேல்கூட அப்படிக் கிடந்த பதிவு உண்டு. வடக்கே பஞ்சாப், அரியானா பக்கம் குளிர்காலத்தை இப்படித்தான் தாண்டுகிறது. நம் பக்கத்துக் குளிர் அவ்வளவு நீண்ட தூக்கத்துக்குப் பெரும்பாலும் போதாது. அதோடு, மாசி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே தூங்கப் பார்ப்பவர் நிலை என்ன என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

பங்குனியில் ஒரு ராத்திரி அத்தை வீட்டு டியூப்லைட்டைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன அந்துகள். சோற்றிலும் இரண்டு விழுந்தன. அத்தை என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில் அறிவு பொங்கியது. இந்தப் பூச்சிக்கு 1843இல் சாண்டர்ஸ் என்பவர் பெயர் வைத்தார் என்றும், மாதிரி போனது குஜராத்தின் பரூச்சிலிருந்து என்றும், பருத்திக் கொட்டையோடு கப்பலேறி எகிப்து வரை போய், 1917இல் அமெரிக்காவின் டெக்சாசிலும் கண்டுபிடிக்கப்பட்டது என்றும் விவரித்தேன்.

“அது வந்த வழியெல்லாம் இருக்கட்டும். போற வழியச் சொல்லு.”

அமெரிக்காவில் மலட்டு அந்துகளை விமானத்திலிருந்து கோடிக்கணக்கில் தூவி, பிடி பருத்தியும் போட்டு, அறுவடை முடிந்ததும் செடிகளை அழித்து, 2018இல் பருத்திக் காடுகளிலிருந்து ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள் என்றேன். அத்தை தட்டிலிருந்த அந்தை எடுத்துப் போட்டுவிட்டு, ஏரோப்ளேன் வருகிறவரை மூட்டைகளை உன் வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொள் என்றார். பூவும் சப்பை என்கிற மொட்டும் இல்லாத நேரத்தில் வெளியே வருகிற அந்துகள் வீணாகச் செத்துப்போகும் என்று ஆறுதல் சொன்னேன். பொதுவாக அது உண்மை. ஆனால் பக்கத்துக் காட்டில் மாசிப் பட்டத்து இறவைப் பருத்தி அப்போதுதான் சப்பை வைத்துக்கொண்டிருந்தது. அந்தக் காட்டுக்காரர் இன்றும் என்னைக் கண்டால் வணக்கம் சொல்வார். வணக்கத்தோடு நிறுத்திக்கொள்வார். மூட்டைகளைக் கடைசியில் முன்பு கேட்ட விலைக்கும் குறைவாகத்தான் கொடுத்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு சிற்றிதழ் கேட்டது என்று புவி வெப்பமாதல் பற்றிக் கட்டுரை எழுதினேன். சூடு கூடக் கூடக் காய்ப்புழு பெருகிக்கொண்டே போகும் என்று அதில் அடித்துச் சொன்னேன். 13ஐக் கழித்துக் கூட்டினால் அப்படித்தானே வரும்? ராஜபாளையம் பக்கத்து விவசாயி ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. எழுத்து மணிமணியாக இருந்தது. ‘ஐயா, எங்கள் காட்டில் கத்திரி வெயிலில் தரையில் உதிர்ந்த சப்பையை உடைத்துப் பார்த்தால் உள்ளே புழு செத்துக் காய்ந்து கிடக்கிறது. தங்கள் கட்டுரைப்படி அது இரண்டு மடங்கு உயிரோடு இருக்க வேண்டும். விளக்கவும்.’

விளக்கம் எளிது. அந்த நேர்க்கோடு மேலே போய் வளைகிறது. முப்பதுகளின் நடுவைத் தாண்டினால் வளர்ச்சி வேகம் கூடுவதில்லை, குறைகிறது. முட்டை பொரிவதும் பாதிக்கப்படும். நிழலில்லாத கரிசலில் கோடை மதியத்தில் மண்மேல் சூடு 50ஐத் தாண்டும். உதிர்ந்த சப்பைக்குள் இருக்கும் புழு அங்கேயே வெந்துபோகும். இதே காரணத்தால்தான் எகிப்தில் விதைக் கொட்டையைப் பஞ்சு பிரிக்கும் ஆலையிலேயே 55, 60 பாகைச் சூட்டில் சில நிமிடம் காட்டி உள்ளிருக்கும் புழுவைக் கொன்றார்கள். என் பெட்டியில் பொரியாமல் போன முட்டைகளும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன. இவ்வளவையும் நான் பதில் கடிதத்தில் எழுதினேன், அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை நான் கண்டுபிடித்ததுபோல. பதில் வரவில்லை.

எகிப்தைப் பற்றிப் படித்த சூட்டோடு, விதையைச் சித்திரை வெயிலில் சிமெண்டுக் களத்தில் மெல்லிசாகப் பரப்பிக் காயவைத்தால் போதும் என்று அத்தையிடம் ஓடினேன். ‘எந்த விதைய? கடையில பாக்கெட்டு வாங்கி வருசம் எத்தனை ஆச்சு?’ என்றார். வீட்டில் இருந்தது மாட்டுக்கு ஆட்டிவைக்கிற பருத்திக்கொட்டை. அதையாவது காயவைப்போம் என்று நானே கொட்டினேன். மெல்லிசாகப் பரப்பக் கை வலித்ததால் குவியலாக விட்டேன். மேலே தீய்ந்தது, அடியில் நிழல். அடியில் இருந்தவை எல்லாம் நலம்.

சென்ற மார்கழியில் ஒரு நாள் மாமாவை உட்காரவைத்து, 13ஐக் கழிப்பது, வளைகிற கோடு, காய்க்குள் இருக்கும் சூடு, பொறி, குப்பியைக் குளிர்ப்பெட்டியில் வைப்பது எல்லாவற்றையும் தாளில் வரைந்து காட்டினேன். இந்தத் தடவை ஒரு பிழையும் இல்லை. மாமா கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

“ஏம் மாப்ளே, தையோட பருத்தி மாரைப் பிடுங்கிட்டா, அதுக்கப்புறம் அது திங்க ஒண்ணும் இருக்காதில்ல? அப்ப இந்தக் கணக்கே வேண்டாமில்ல?”

வேண்டாம்தான். நாகபுரியின் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் பட்டத்தை நீட்டாமல் முடிக்கத்தான் சொல்கிறது. சென்னை மாகாணத்தில் 1919இல் வந்த பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டத்தின்கீழ், கோவைப் பக்கம் கம்போடியாப் பருத்திச் செடியைக் குறித்த தேதிக்குள் பிடுங்கியே ஆக வேண்டும் என்று விதி போட்டார்கள். இதை மாமாவிடம் சொன்னேன். “அப்ப நூறு வருசமா இதத் தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கீங்க” என்றார்.

சொன்னபடி அந்தத் தையிலேயே மாரைப் பிடுங்கிவிட்டார். பங்குனியில் போனபோது காடு சுத்தமாக உழுது கிடந்தது. எனக்கு ஒரே திருப்தி. பிடுங்கின மாரை எரித்தீர்களா, மண்ணுக்குள் மடக்கி உழுதீர்களா என்று கேட்டேன். அதில் வெடிக்காத காய் ஒட்டிக்கொண்டிருந்தால் புழுவும் இருக்குமே.

“விறகுக்கு ஆகும்னு அடுக்கி வெச்சிருக்கேன் மாப்ளே.”

“எங்க மாமா?”

“உன்னோட ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையிலதான். சும்மாதான கெடந்துச்சு?”